மற்ற ஐந்து கட்டில்களில் யார்?

ஆண்டுதோறும் ஆகஸ்ட் மாதத்தின் கடைசி வாரத்தில், புதுக்கோட்டையிலிருந்து கிழக்கே செல்லும் சாலைகளில் காவியுடை தரித்த மக்கள் கூட்டங்கூட்டமாக நடந்து செல்வதைக் காண்கிறோம். வேளாங்கண்ணி அன்னையின் திருவிழாவுக்குச் செல்லும் திருப்பயணிகள் அவர்கள். கொடியேற்றம் 29-ஆம் நாள். அதற்குள் கோவிலை அடைந்துவிட வேண்டும் என்ற வேகம் அவர்களது நடையில் தெரியும். பகலெல்லாம் செபமாலையும் பாட்டுமாக நடப்பவர்கள், இருட்டியதும் எங்கே உறங்குகிறார்கள்? வழியிலுள்ள பள்ளிக்கூடத்துத் தாழ்வாரம், ஆலய வளாகம், யாரோ ஒருவரது களத்துமேடு, இவையே அவர்களது படுக்கையறைகள். தலைமாட்டில் துணிப்பை, பக்கத்தில் முன்பின் அறியாத ஊர்க்காரர். மனைவி மக்களோடு அவ்வாறு உறங்கி எழுந்து வந்த தந்தையர் பலரை நாம் அறிவோம். அவர்களுள் ஒருவர்தாம் சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருப்பலி முடிந்ததும் கலங்கிய முகத்தோடு நம்மிடம் வந்தார்.

அவர் ஆலங்குடிப் பக்கத்து விவசாயி. அவருடைய மகள் கல்விக் கடன் பெற்று ஜெர்மனி நாட்டில் முதுகலை பயில்கிறாள். விடுமுறையில் தோழியர் இருவரோடு உரோமைக்குச் சென்று புனித பேதுரு பேராலயத்தைக் காண வேண்டும் என்பது அவளது விருப்பம். அதற்குத் தந்தை தடை சொல்லவில்லை. ஆனால், தங்கும் இடம் பற்றி அவள் தொலைபேசியில் சொன்ன செய்திதான் அவரை நிலைகுலையச் செய்துவிட்டது.

“எட்டுக் கட்டில் போட்ட அறையாம், ஐயா. இவர்கள் மூன்று பேர். மற்ற ஐந்து கட்டில்களில் யார் படுப்பார்கள்?”

அவரது கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. தம் மனைவியின் சங்கிலியை அடகு வைத்தாவது நல்ல ஓட்டலில் தனியறை எடுக்கப் பணம் அனுப்பப் போவதாக அவர் சொன்னார். “இரண்டு நாள் பொறுங்கள்; விசாரித்துச் சொல்கிறோம்” என்று அவரை அனுப்பி வைத்தோம். அந்த விசாரணையின் பயனே இக்கட்டுரை. இன்று நம் மறைமாவட்டத்துப் பங்குகளில் பிள்ளையை அயல்நாட்டுக்கு அனுப்பாத தெரு அரிதாகிவிட்டது. ஆகவே, இக்கேள்வி அவர் ஒருவருடையது மட்டுமன்று எனக் கருதினோம்.

முதலில் சொல்லைப் பற்றிய ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஹாஸ்டல் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது மாணவர் விடுதி: வார்டன், மணியோசை, தண்ணீர் போன்ற சாம்பார். மேல்நாட்டார் இளைஞர் விடுதி என்று சொல்வது அதுவன்று. வழிப்போக்கர் ஓரிரு இரவு தங்கிச் செல்லும் இடம் அது. ஓட்டல்காரர் அறையை வாடகைக்கு விடுகிறார். இளைஞர் விடுதியார் கட்டிலை வாடகைக்கு விடுகிறார். வேறுபாடு அவ்வளவே. நான்கு, ஆறு, எட்டு என்று ஒரே அறையில் அடுக்குக் கட்டில்கள் இருக்கும். குளியலறை பொது. பல விடுதிகளில் சமையலறையும் பொது. அரிசியும் பருப்பும் வாங்கி நாமே பொங்கி உண்ணலாம். உண்மையில், கட்டில் வாடகையில் மிச்சமாகும் பணத்தைவிட இந்த அடுப்பங்கரையில் மிச்சமாகும் பணமே அதிகம் என்பது அனுபவப்பட்டவர்கள் கூற்று.

இந்த ஏற்பாட்டைத் தோற்றுவித்தவர் செல்வர் அல்லர், வணிகரும் அல்லர். ரிச்சர்டு ஷிர்மான் என்னும் ஜெர்மானியப் பள்ளி ஆசிரியர். ஆலைப்புகை சூழ்ந்த நகரத்துப் பிள்ளைகளைக் காட்டுக்கும் மலைக்கும் நடத்திச் சென்று பாடம் கற்பிப்பது அவர் வழக்கம். 1909-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 26-ஆம் நாள், நம் திருப்பயணிகள் சாலையில் நடக்கும் அதே வாரத்தில், அவரும் மாணவர்களும் ஒரு பள்ளத்தாக்கில் பெருமழையிலும் இடியிலும் சிக்கிக்கொண்டனர். அவ்வூர்ப் பள்ளிக்கூடம் அவர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. விசுப்பலகைகளை ஒதுக்கி, வைக்கோல் பரப்பிப் பிள்ளைகள் உறங்கினர். ஆசிரியர் உறங்கவில்லை. விடுமுறையில் பூட்டிக்கிடக்கும் பள்ளிக்கூடங்கள் ஊருக்கு ஊர் உண்டே, ஒருநாள் நடை தூரத்துக்கு ஒன்றாக அவற்றை நடைப்பயண இளைஞர்க்குத் திறந்துவிட்டால் என்ன என்னும் எண்ணம் அவ்விரவில் அவருக்குப் பிறந்தது. 1912-இல் ஆல்டெனா என்னும் ஊரின் பழைய கோட்டையில் நிலையான முதல் விடுதி அமைந்தது.

அவர் வாழ்வில் இன்னோர் இரவையும் இங்கே சொல்லியாக வேண்டும். முதல் உலகப் போரில் அவர் படைவீரராகப் பிரெஞ்சு எல்லையிலுள்ள வோஷ் மலையில் நின்றார். 1915-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவன்று பின்புறத்து ஊர்களில் ஆலய மணிகள் ஒலித்தபோது, எதிரெதிரே பதுங்குகுழிகளில் இருந்த ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் சுடுவதை நிறுத்தி, ஒருவரையொருவர் சந்தித்தனர். இவர்கள் கறுப்பு ரொட்டியும் இறைச்சியும் கொடுக்க, அவர்கள் திராட்சை இரசமும் வெண்சுருட்டும் கொடுத்தனர். எல்லா நாட்டு இளைஞரும் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளத் தக்க கூடுமிடங்கள் இருந்திருப்பின் இப்போர் எதற்கு என்று அவர் எண்ணினார். போர் முடிந்ததும், 1919-இல், தம் நாட்டில் இளைஞர் விடுதிகளுக்கென ஒரு சங்கம் கண்டார். 1932-இல் ஆம்ஸ்டர்டாமில் பல நாட்டுச் சங்கங்கள் கூடி உலகக் கூட்டமைப்பு ஏற்பட்டது. மறு ஆண்டே ஹிட்லர் ஆட்சி ஜெர்மானிய விடுதிகளைத் தன் இளைஞர் படையின் கையில் ஒப்படைத்தது. 1936-இல் ஷிர்மான் கூட்டமைப்பின் தலைமையிலிருந்தும் விலக நேர்ந்தது. பல நாட்டாரை ஓர் அறையில் உறங்க வைப்பது அவ்வாட்சிக்கு உவப்பாயிராது என்பதில் வியப்பென்ன?

அக்காலத்து விடுதிகளின் விதிகள் நம் கன்னியர் மட விதிகளை ஒத்திருந்தன. இரவு பத்து மணிக்கு விளக்கு அணையும். காலையில் விருந்தினர் தாமே கூடத்தைப் பெருக்க வேண்டும், அல்லது பாத்திரம் கழுவ வேண்டும். மோட்டார் காரில் வந்திறங்கும் கனவான்களுக்கு இடமில்லை. நடந்தோ மிதிவண்டியிலோ வர வேண்டும். இன்று அக்கட்டுப்பாடுகள் பெரிதும் தளர்ந்துவிட்டன. பெருக்குமாறு போய்விட்டது நமக்குச் சற்று வருத்தமே.

மடங்கள் என்றதும் இது திருச்சபைக்குப் புதிதன்று என்பதும் நினைவுக்கு வருகிறது. வந்த விருந்தினரைக் கிறிஸ்துவாகவே எண்ணி வரவேற்க வேண்டும் என்று புனித ஆசீர்வாதப்பர் ஆறாம் நூற்றாண்டிலேயே தம் துறவியர்க்கு ஒழுங்கு விதித்தார். புனித பிலிப்பு நேரி 1548-இல் உரோமையில் ஒரு பக்த சபை கண்டு, 1550-ஆம் ஆண்டு யூபிலிக்கு வந்த ஏழைத் திருப்பயணிகளுக்கு உணவும் படுக்கையும் அளித்து, நடந்து நொந்த அவர்களது பாதங்களைக் கழுவினார். இன்றும் உலக இளையோர் நாட்களில், 2023-இல் லிஸ்பன் நகரில் நடந்ததைப் போல, பல நாட்டு இளைஞர் பள்ளிக்கூடத் தரையிலும் பங்கு மண்டபங்களிலும் உறங்குகின்றனர்.

ஆனால் அந்த விவசாயிக்கு ஜெர்மானிய ஆசிரியரையும் உரோமைப் புனிதரையும் காட்டுவதைவிட, அவருடைய மாவட்டத்தையே காட்டுவது மேல் என்று நமக்குத் தோன்றியது.

இராமேசுவரத்துக்குச் செல்லும் பழைய கடற்கரைப் பாதை இம்மாவட்டத்தின் மணமேல்குடி, மீமிசல் வழியாகச் செல்கிறது. அவ்விரு ஊர்களிலும் தஞ்சை மராட்டிய அரசர்கள் சத்திரம் அமைத்திருந்தனர். அச்சத்திரங்களில் என்ன நடந்தது என்பதை மன்னர் இரண்டாம் சரபோஜி 1801-இல் ஆங்கிலேயப் பிரதிநிதிக்கு எழுதிய மடல் விவரிக்கிறது. இந்த அறங்களின் வருவாயில் கை வைத்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் மடல் அது. எச்சாதியாராயினும் எந்நாட்டு யாத்திரிகராயினும் சோறு உண்டு. சமைத்ததை உண்ணாதார்க்கு அரிசியும் பண்டங்களும் உண்டு. நோயுற்று நடக்க இயலாதார்க்கு மருத்துவர் உண்டு. குழந்தைகளுக்குப் பால் உண்டு. கருவுற்ற பெண்கள் வழியில் பேறுகால வேதனை கண்டால் அவர்களைப் பேணும் ஏற்பாடும் உண்டு என்கிறார் அரசர். நள்ளிரவில் மணியடித்து, இன்னும் உண்ணாதார் எவரேனும் உளரோ என்று கூவி அழைப்பார்களாம். வாசலைப் பூட்டுவதற்காக மணியடிக்கும் விடுதிகளையே இன்று நாம் அறிவோம். பசித்தவனைத் தேடி மணியடித்த விடுதி நம் மண்ணில் இருந்திருக்கிறது.

சத்திரங்களை வானளாவப் புகழ்வதும் நமக்கு நோக்கமன்று. சோறு எல்லார்க்கும் கிடைத்தாலும் பந்தி எல்லார்க்கும் ஒன்றாக இருந்ததில்லை. பல சத்திரங்களில் இன்னார் இங்கே, இன்னார் வெளியே என்ற பிரிவு கடுமையாகவே இருந்தது. நம் கோவில்களிலேகூட அந்தப் பிரிவு நெடுங்காலம் நிலவியதை மறந்துவிட்டு அடுத்தவர் சத்திரத்தைக் குறைகூறுதல் தகாது. இளைஞர் விடுதியின் அடுக்குக் கட்டிலில் மேலே படுப்பவர் யார், கீழே படுப்பவர் யார் என்பதை முடிவு செய்வது வந்து சேர்ந்த நேரம் ஒன்றே.

கடல் கடந்து போய்ப் பலரோடு ஒரே கூடத்தில் படுத்து எழுந்து பணம் மிச்சம் பிடித்த கலையில், உலகுக்கே பாடம் சொல்லத் தக்கவர்கள் இம்மாவட்டத்தில் இருந்தனர். ராயவரம், கோனாப்பட்டு, நச்சாந்துபட்டி, குழிபிறை, பனையப்பட்டி, விராச்சிலை, மேலைச்சிவபுரி முதலிய ஊர்களின் நகரத்தார்களையே சொல்கிறோம். பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் அவர்கள் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் இலங்கைக்கும் வட்டித்தொழில் செய்யச் சென்றனர். சென்ற இடத்தில் அவர்கள் தங்கிய கட்டடத்துக்குக் கிட்டங்கி என்று பெயர். சரக்கு வைக்கும் கிடங்குக்கு உரிய சொல்லே மனிதர் தங்கும் இடத்துக்கும் ஆயிற்று, பொருத்தமான பெயர்தான்.

சிங்கப்பூரில் மார்க்கெட் தெருவில் இக்கிட்டங்கிகள் இருந்தன. நம்மவர் அதைச் செட்டித் தெரு என்றே அழைத்தனர். நீண்ட கூடம், அதில் இரு மருங்கும் வரிசையாகப் பல கடைகள். கடை என்றால் அறை என்று எண்ணிவிட வேண்டா. ஒரு சாய்வுப் பெட்டி, ஓர் இரும்புப் பெட்டி, ஓர் அலமாரி, அமர்வதற்கு ஒரு பாய்: இவை அடங்கும் அளவுக்குத் தரையில் ஓர் இடம். அதுவே கடை, இலட்சக்கணக்கில் கொடுக்கல் வாங்கல் நடக்கும் அலுவலகமும் அதுவே. இரவானால் கணக்கேட்டை மூடிவிட்டுப் பாயை விரித்துப் படுத்துவிடுவார்கள். சமையற்காரர் எல்லார்க்கும் பொது. சாப்பாட்டுச் செலவைப் பங்கிட்டுக்கொள்வர். குழாயடியும் பொது. முருகன் கோவில் நடக்கும் தூரத்தில். டாங்க் சாலைத் தெண்டாயுதபாணி கோவில் 1859-இலேயே அவர்கள் எழுப்பியது.

ஊரில் மூன்றாண்டுக்கு ஒப்பந்தம் எழுதிக் கப்பலேறுவது வழக்கம். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று படிநிலைகள் உண்டு. பெட்டியடிப் பையன் என்பவன் மீசை அரும்பாத சிறுவனாகவும் இருப்பான். பெரியவர்களுக்கு முன் எழுந்து, கடை பெருக்கி, கடிதம் எடுத்துச் சென்று, இரவில் ஐந்தொகை சரிவரும்வரை விழித்திருந்து தொழில் கற்பான். மனைவியையும் குழந்தைகளையும் அழைத்துச் செல்லும் வழக்கம் அந்நாளில் இல்லை. மூன்றாண்டு முடிந்து திரும்பிய தந்தையை யாரோ என்று எண்ணி அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்ட குழந்தைகளின் கதை அவ்வூர்களில் வீட்டுக்கு வீடு உண்டு. கிட்டங்கியில் மிச்சமான பணத்துக்கு அந்தக் குழந்தைகளும் ஒரு விலை கொடுத்தார்கள்.

பாய் ஒன்றே போதும் என்று வாழ்ந்தவர்கள் ஊரில் எழுப்பிய வீடுகளை வாசகர்கள் கண்டிருப்பர். பர்மாத் தேக்கில் தூண், இத்தாலியப் பளிங்கில் தளம், பெல்ஜியம் கண்ணாடி. ஒரு தெருவில் தலைவாசல், அடுத்த தெருவில் கொல்லை. திருமயம் அருகே கடியாபட்டியிலுள்ள சிதம்பர விலாசம் அத்தகைய மாளிகைகளுள் ஒன்று. இன்று அது பயணிகள் தங்கும் ஓட்டலாக இருக்கிறது. நம்மவர் அயல்நாட்டில் பாயில் படுத்துச் சேர்த்த செல்வத்தின் காலத்து மாளிகையில், அயல்நாட்டார் வந்து பெரும்பணம் கொடுத்துப் படுத்துச் செல்கின்றனர்! காலத்தின் இவ்வேடிக்கையை அங்குச் செல்லும்போதெல்லாம் எண்ணிக்கொள்வோம்.

கிட்டங்கி வாழ்வின் சிக்கனத்தை நாம் மெச்சுகிறோம். அதில் ஈட்டிய வட்டியையெல்லாம் மெச்சுகிறோம் என்பதன்று. 1930-களின் பொருளாதார வீழ்ச்சியில் கடன் திரும்பாமல், கீழ்ப்பர்மாவின் நெல்வயல்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செட்டியார்கள் கைக்கு வந்தது. அந்த நிலங்களை இழந்த பர்மிய உழவனுக்கும் ஒரு கதை உண்டு. பின்னர், 1942-இல் ஜப்பானியர் வந்தபோது, நம்மவரும் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் காட்டுவழியே நடந்து ஊர் வந்தனர்.

செட்டித் தெருவின் கிட்டங்கிகள் நகரச் சீரமைப்பில் இடிக்கப்பட்டு, அங்கே வானுயர் கட்டடங்கள் எழுந்துவிட்டன. ஆனால் சிங்கப்பூரில் நம் மாவட்டத்தார் ஓர் அறையில் பலராகப் படுப்பது நின்றுவிடவில்லை. இன்று அவர்கள் கட்டடத் தொழிலாளர்; கப்பல் பட்டறைத் தொழிலாளர். அவர்கள் தங்குவது டார்மிட்டரி. அங்கும் அடுக்குக் கட்டில்தான். அங்கும் பொதுச் சமையலறைதான். 2020-இல் கொள்ளைநோய் பரவியபோது அக்கட்டடங்களுக்குள் என்ன நிகழ்ந்தது என்பதை இம்மாவட்டத்துத் தாய்மார்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. அங்குத் தங்கியிருந்த மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட தொழிலாளருள் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அவ்வாண்டு இறுதிக்குள் தொற்று ஏற்பட்டிருந்தது. வாரக்கணக்கில் அறைக்குள் அடைபட்டிருந்த மகன்களின் தொலைபேசி அழைப்புக்காக இங்கே வீடுகள் விழித்திருந்தன. அதன் பின்னரே, 2021-இல், புதிதாகக் கட்டப்படும் தங்குமிடங்களில் ஓர் அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது என்று அந்நாட்டு அரசு வரையறை செய்தது.

இதை இங்கே எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. எட்டுக் கட்டில் என்றதும் அந்த விவசாயியின் மனக்கண் முன் வந்தது இளைஞர் விடுதியன்று. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அவருடைய தம்பி மகனின் அறையே. பேச்சுவாக்கில் அவரே அதைச் சொன்னார். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் ஓரிடத்தில் பலரோடு படுப்பதால் மிச்சமாகும் பணம் படுப்பவனுடைய பையில் சேர்கிறது. மற்றோரிடத்தில் அது முதலாளியின் பையில் சேர்கிறது. ஓரிடத்தில் பிடிக்காவிட்டால் காலையில் பையை எடுத்துக்கொண்டு புறப்படலாம். மற்றோரிடத்தில் ஒப்பந்தம் முடியும்வரை புறப்பட இயலாது. அண்ணன் மகளின் எட்டுக் கட்டிலைக் கண்டு அஞ்சிய அவர், தம்பி மகனின் கட்டிலைப் பற்றி ஏன் இத்தனை நாள் கேட்கவில்லை என்று நாம் வினவவில்லை. நாமும் கேட்டதில்லையே.

இனி அவருடைய கேள்விக்கு வருவோம்: மற்ற ஐந்து கட்டில்களில் யார்?

சில ஆண்டுகளுக்கு முன் நாமும் நண்பர் ஒருவரும் ஐரோப்பாவுக்குச் சென்றபோது இத்தகைய விடுதிகளில் தங்கினோம். ஓர் ஊரில் நம் அறையில் இருந்தவர்கள்: போலந்து நாட்டு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், வேலைக்கான நேர்முகத் தேர்வுக்கு வந்திருந்த ஓர் இளைஞர், அவர் இரவெல்லாம் தம் சட்டையை மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தார், மிதிவண்டியில் ஊர் சுற்றும் இரண்டு சகோதரர்கள். ஆசிரியரின் குறட்டை மலையைப் பிளக்கும். அதை அறிந்தே அவர் பஞ்சு உருண்டைகளைப் பொட்டலமாக வைத்திருந்து, படுக்கப் போகுமுன் எங்கள் எல்லார்க்கும் வழங்கினார். திருட்டு என்று ஒன்றும் நேரவில்லை. நம் செருப்பை மட்டும் யாரோ காலையில் மாற்றி அணிந்து சென்றுவிட்டனர். அது நம் ஊர்த் திருமண வீட்டிலும் நேர்வதே.

உரோமையில் நாம் தங்கியது அருள்சகோதரியர் நடத்தும் ஒரு விருந்தினர் இல்லம். அந்நகரில் அத்தகைய இல்லங்கள் பல உள்ளன. ஓட்டலைவிட வாடகை குறைவு, அறை தூய்மை, வாசல் இரவு பத்தரைக்கோ பதினொன்றுக்கோ அடைக்கப்படும். ஒருநாள் இரவு நகரின் நீரூற்றுகளைப் பார்த்துக்கொண்டே நேரத்தை மறந்து, கதவடைத்த பின் வந்து நின்றோம். நெடுநேரம் கழித்து முதிய சகோதரி ஒருவர் வந்தார். ஒன்றும் பேசவில்லை. சுவரிலிருந்த கடிகாரத்தை விரலால் சுட்டினார். பிறகு நம் முகத்தைப் பார்த்தார். பிறகு கதவைத் திறந்தார். மறுநாள் முதல் எட்டு மணிக்கே அறையில் இருந்தோம்.

அவ்விவசாயிக்கு நாம் சொன்னவற்றுள் பிறர்க்கும் பயன்படக் கூடியவை சில. பெண்களுக்குத் தனியறை உண்டா என்பதே முதற் கேள்வி. உலகக் கூட்டமைப்பைச் சேர்ந்த சங்கங்களின் விடுதிகளில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் வெவ்வேறு அறைகள் இருப்பதே பொதுவான வழக்கம். தனியார் நடத்தும் விடுதிகள் பலவற்றில் இருபாலாரும் தங்கும் அறைகளும் உண்டு. வாடகை சற்றுக் குறைவு என்பதற்காக அறியாமல் அதைப் பதிவு செய்துவிட்டு, இரவில் போய் நின்று திகைப்பவர்கள் உளர். பதிவு செய்யும்போதே பெண்கள் அறை என்று குறிப்பிட்டு வாங்க வேண்டும். முன்பு தங்கியவர்கள் எழுதியுள்ள கருத்துகளைப் படிக்க வேண்டும். மூட்டைப்பூச்சி என்ற சொல் இருமுறை வந்தால் அந்த விடுதியை விட்டுவிட வேண்டும். பொருள் வைக்கும் லாக்கர் இருக்கும், பூட்டு பெரும்பாலும் இராது. நம் பூட்டை நாமே கொண்டு செல்வது நலம். கடவுச்சீட்டும் பணமும் உறங்கும்போதும் உடம்போடு இருக்கட்டும். இரவு எத்தனை மணிவரை உள்ளே அனுமதிப்பர் என்பதைக் கேட்டுக்கொண்டு, அதற்கேற்ற இரயிலைப் பிடிக்க வேண்டும். உரோமை போன்ற நகரங்களில் வாடகைக்கு மேல் நகர வரி என்று ஒரு தொகையை நேரில் கேட்பார்கள், அது ஏமாற்றன்று.

இந்தியாவிலிருந்தே செல்பவர்கள், புதுதில்லியில் தலைமையிடம் கொண்ட இந்திய இளைஞர் விடுதிகள் சங்கத்தில் உறுப்பினராகிவிட்டால், கூட்டமைப்பைச் சேர்ந்த பிற நாட்டு விடுதிகளிலும் அந்த அட்டை செல்லும். இளைஞர் விடுதி என்ற பெயரைக் கண்டு முதியவர்கள் பின்வாங்க வேண்டியதில்லை. இன்று பெரும்பாலான நாடுகளில் எவ்வயதினரும் தங்கலாம். கொள்ளைநோய்க் காலத்துக்குப் பின் இங்கிலாந்து முதலிய நாடுகளில் சங்கங்கள் சில விடுதிகளை மூடவும் விற்கவும் நேர்ந்திருப்பதால், பழைய பயண நூலில் கண்ட முகவரியை நம்பிப் புறப்பட வேண்டா.

சொன்ன எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, “வேளாங்கண்ணிக்கு நடந்தபோது ஒரு பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் என் மகளுக்குக் காய்ச்சல் கண்டது. அப்போது அவளுக்கு ஏழு வயது. பக்கத்தில் படுத்திருந்த ஓர் அம்மாள்தான் விடியவிடிய ஈரத்துணி போட்டார். யாரென்றே தெரியாது” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அன்று மாலையே மகளிடம் பேசினார் என்று அறிந்தோம்.

சங்கிலி அடகுக்கடைக்குப் போகவில்லை. பழைய நாட்களில் இளைஞர் விடுதிக்குச் செல்பவர்கள் விரிப்பை உறைபோல் தைத்து உடன் கொண்டு செல்ல வேண்டியிருந்தது என்று நாம் பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருந்தோம். இப்போது விடுதியிலேயே சலவை செய்த விரிப்புத் தருகிறார்கள், வெளியிலிருந்து கொண்டுவரும் படுக்கையுறையைப் பல இடங்களில் அனுமதிப்பதுமில்லை என்றும் சொன்னோம். முதற் பகுதி மட்டும் தாயாரின் காதில் விழுந்தது போலும். கணவரின் இரண்டு எட்டு முழ வேட்டிகளை இணைத்து அவர் தம் கையாலேயே ஓர் உறை தைத்து, ஜெர்மனிக்குத் திரும்பும் ஒரு மாணவனிடம் கொடுத்தனுப்பியிருக்கிறார். அதன் மூலையில் சிவப்பு நூலால் மகளின் பெயரின் முதலெழுத்தும் உண்டு. மற்ற ஐந்து கட்டில்களில் இருப்பவர்களோடு மாறிவிடக் கூடாதல்லவா?